கரடி முறுக்கிய கால்

வலது தொடைக்குள் ஏதோ மளுக்கென்று முறிவது சடையனுக்குக் கேட்டது. ஆனால் அவன் முதலில் கவலைப்பட்டது காலைப் பற்றி அல்ல, புடவையைப் பற்றி.

அறுப்பு முடிந்த சாமைக் கொல்லையில், மனைவி மங்கம்மாளின் சிவப்புப் புடவையைச் சுற்றிக்கொண்டு அவன் மல்லாந்து கிடந்தான். வலது பாதம் இன்னும் ஓர் எலி வளைக்குள் மாட்டியிருந்தது. உடம்பு வேறொரு திசையைப் பார்த்துக் கிடந்தது.

ஜமுனாமரத்தூருக்கு மேலே, காட்டை ஒட்டியிருந்த அந்தச் சின்ன ஊருக்குச் சடையன்தான் ஊர்க்கவுண்டர். வரப்புச் சண்டையோ, பெண் கேட்கிற விஷயமோ, அவன் சொன்னால் சொன்னதுதான். போன பங்குனியில் ஊரே கூடி வந்து, திருவிழாவுக்குக் கூத்து வைக்கலாமா என்று கேட்டபோது, "ஆம்பள பொடவ கட்டிக்கினு ஆடறத நம்ம ஊரு பொம்பளைங்க பாக்கணுமா? அதெல்லாம் ஆவாது" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனவன்.

உண்மை வேறு. போளூருக்குப் புளி விற்கப் போன இடத்தில் அவன் ஒரு கூத்துப் பார்த்தான். மீசையை மழித்துக்கொண்ட, அவன் வயதே இருக்கும் ஓர் ஆள் ராணி வேஷத்தில் வந்து, ஒற்றைக் காலை ஊன்றிப் பம்பரம் போலச் சுழன்றான். அந்தச் சுழற்சியைக் கூத்துக்காரர்கள் கிரிக்கி என்பார்கள். பார்த்துக்கொண்டிருந்த சடையனுக்கு ஏனென்று தெரியாமல் கண்ணில் நீர் வந்துவிட்டது. கூத்து ஊருக்குள் வந்தால் தானே எழுந்து ஆடிவிடுவோம் என்ற பயத்தில்தான் அவன் கூடாது என்று சொன்னான். ஆட்டம் அவனை விடவில்லை. "வரப்பு பாத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு அடிக்கடி கொல்லைக்கு வந்து, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் சுழன்றான். இன்றைக்கும் அப்படித்தான். எலி வளை ஒன்று இருப்பதைக் கவனிக்கவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு பாதத்தை உருவினான். கண் இருட்டியது. வேட்டிக்கு மேல் சுற்றியிருந்த புடவையை அவிழ்த்து, கைக்கெட்டிய சாமைத் தாள் போருக்குள் திணித்தான். முகத்துப் பவுடரைத் துண்டால் அழுத்தித் துடைத்தான். அதற்குப் பிறகுதான் கத்தினான்.

மங்கம்மாளின் தம்பி ராஜாக்கண்ணு பக்கத்துச் சரிவில் விறகு வெட்டிக்கொண்டிருந்தவன், கோடாலியோடு ஓடி வந்தான்.

"மாமா, இன்னா ஆச்சி?"

சமதரையில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டேன் என்று ஓர் ஊர்க்கவுண்டர் எப்படிச் சொல்வது?

"கரடி" என்றான் சடையன்.

ராஜாக்கண்ணு ஒரே தாவில் வரப்பின் மேல் ஏறி நின்றான். "எங்க?"

"அடிச்சிட்டுப் போய்ட்டுது."

கயிற்றுக் கட்டிலில் கிடத்தி, மார்கழிக் குளிருக்குத் தலையோடு கம்பளியைப் போர்த்தி, ஆட்கள் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு ஜமுனாமரத்தூர் வந்தார்கள். வாணியம்பாடித் தோல் மண்டிகளுக்குக் கடுக்காய் ஏற்றிப்போக வந்திருந்த ஜப்பார் பாய் லாரியில் பாதி மூட்டைகளை இறக்கிவிட்டுக் கட்டிலை ஏற்றினார். மங்கம்மாளும் கூட ஏறிக்கொண்டாள். ஆலங்காயம் இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் தொடை தனியாகவும் முழங்கால் தனியாகவும் திரும்பின. பாதி மலையிலேயே சடையன் மயங்கிவிட்டான்.

விழித்தபோது வெள்ளை மேற்கூரை தெரிந்தது. கால் அவனுடையதாகவே இல்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பில் கம்பி செருகி, அதில் கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் கப்பி வைத்து, எடைக்கல்லைத் தொங்கவிட்டிருந்தார்கள். கிணற்றில் வாளி தொங்குவதுபோல் இருந்தது. ஆஸ்பத்திரி ஆயா மணியம்மாள் அவன் வாயில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள்.

பக்கத்தில் மங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"கரடி எந்தப் பக்கமா வந்துச்சுங்க?" என்று கேட்டாள்.

"கெழக்கால."

"இன்னா பண்ணுச்சு?"

"ஓங்கி ஒரு அடி அடிச்சுது. வுழுந்துட்டேன்."

"அய்யோ பாவம்" என்றாள் மங்கம்மாள். ஆயா திரும்பிக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

சற்று நேரத்தில் டாக்டர் அப்துல் கய்யூம் வந்தார். வாணியம்பாடிக்காரர், மெலிந்த உருவம். குரலே எழாமல் பேசுவார். கையிலிருந்த எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

சடையன் தன் எலும்பை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தான். இருட்டுக்குள் அது வெள்ளையாக நின்றது. நடுவில் ஒரு கோடு, மரத்தில் கொடி சுற்றி ஏறுகிற மாதிரி எலும்பைச் சுற்றிக்கொண்டு மேலே போயிற்று. இத்தனை வருஷம் இதன்மேல்தான் நின்றோமா, நடந்தோமா, மூட்டை சுமந்தோமா என்று அவனுக்கு மலைப்பாக இருந்தது.

"கவுண்டரே, அடி பட்டா எலும்பு குறுக்கால ஒடையும்" என்றார் டாக்டர். "இது அப்டி இல்ல. ஈரத்துணியப் பிழியற மாதிரி முறுக்கி ஒடைஞ்சிருக்குது. பாதம் ஒரு எடத்துல மாட்டி நின்னுடுச்சு. ஒடம்பு மட்டும் சுத்திடுச்சு."

சடையன் படத்தையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தான். இந்த மனிதர் கொல்லைப் பக்கமே வந்ததில்லை. அந்தக் கோட்டைப் பார்த்தே சொல்கிறார்.

"ஆமா சார்" என்றான் அவசரமாக. "கரடி அடிக்கல. கால புடிச்சி முறுக்குச்சு."

"மொதல்ல அடிச்சுதுன்னு சொன்னீங்களே" என்றாள் மங்கம்மாள்.

"அடிச்சிட்டு அப்புறம் முறுக்குச்சு."

டாக்டர் போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தார். "புடிச்சி முறுக்கியிருக்குது, ஒரு நகக்கீறல்கூட இல்லியே."

"நகம் தேஞ்ச கரடி சார். கெழட்டுக் கரடி."

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டார். வீக்கம் வடிந்ததும் ஆபரேஷன் செய்து எலும்பைப் பூட்டிவிடலாம், அதுவரை எடைக்கல் தொங்கட்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அந்தச் சில நாட்கள்தான் சடையனுக்குப் பெரும்பாடாகிவிட்டன. கரடியோடு மல்லுக்கட்டிய மலைக்கவுண்டர் வந்திருக்கிறார் என்று மங்கம்மாள் வார்டு முழுக்கச் சொல்லிவிட்டாள். கட்டுப்போட்ட கைகளோடும் ஊன்றுகோல்களோடும் நோயாளிகள் வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். பிரசவ வார்டிலிருந்து கனீஸ் ஃபாத்திமா என்ற பெண், பிறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, "பிள்ளைக்கு தைரியம் வரணும், தலையில கை வெய்யுங்க" என்றாள். சடையன் கூச்சத்தோடு கை வைத்தான்.

"எல்லாரும் கேக்கறாங்க, இன்னொரு தபா சொல்லுங்க" என்பாள் மங்கம்மாள். அவன் சொல்லுவான். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கரடி எங்காவது கொஞ்சம் மாறிவிடும். அவள் அதை மட்டும் விடமாட்டாள். "நேத்து கறுப்புன்னீங்க, இன்னிக்கி செம்பட்டைன்றீங்க."

ஒருநாள் வனக்காவலர் கோபால்சாமியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மலையில் அவர்களுக்குத் தூரத்து உறவு. காக்கிச் சட்டையோடு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"கவுண்டரே, மேலதிகாரிக்குச் சொல்லணும். கரடி எப்டி இருந்துச்சு?"

"கெழடு."

"நகம்?"

"இல்ல."

"பல்லு?"

கடித்த அடையாளமும் உடம்பில் இல்லை என்பது சடையனுக்கு நினைவு வந்தது. "அதுவும் இல்ல."

"நகமும் இல்ல, பல்லும் இல்ல. அப்புறம் எப்டிதான் கால முறுக்குச்சு?"

சடையன் யோசித்தான். பாதம் நின்றது, உடம்பு சுற்றியது என்று டாக்டர் சொல்லிவிட்டாரே. அதற்கும் ஒத்து வர வேண்டும்.

"கட்டிப் புடிச்சிக்கிச்சு. புடிச்சிக்கினு என்ன ஒரே சுத்தா சுத்துச்சு."

"ஆடற மாதிரியா?" என்று கேட்டாள் மங்கம்மாள்.

"அப்டித்தான்."

"ஜோடியா?"

வார்டில் எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பி, இருமலாக மாறியது. கோபால்சாமி தொப்பியைக் கழற்றி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "பாக்கணும், பாக்கணும்" என்று சொல்லியபடி எழுந்து போனார்.

அதற்குப் பிறகு மங்கம்மாள் ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் ஒரு செய்தியோடு வந்தாள். கரடிக்குப் பயந்து பெண்கள் கடுக்காய் பொறுக்கக் காட்டுக்குள் போவதில்லையாம். தேன் எடுக்கிறவர்களும் வீட்டிலேயே இருக்கிறார்களாம். வாழைத்தார் வைத்துக் கூண்டு வைத்திருக்கிறார்களாம்.

"மாட்டுச்சா?" என்று கேட்டான் சடையன், வேறு என்ன கேட்பது என்று தெரியாமல்.

"மாட்டுச்சு. பழம் அழுகிடுச்சான்னு பாக்கப் போன ராஜாக்கண்ணு மாட்டிக்கினான். பொழுது சாயறவரைக்கும் உள்ளயே குந்தினு இருந்தான்."

கடுக்காய்தான் அந்த ஊர்ப் பெண்களின் கைச்செலவு. தன் வாயிலிருந்து வந்த ஒரு சொல், இல்லாத ஒரு மிருகமாகி, ஊரையே வீட்டுக்குள் அடைத்துவிட்டது. உண்மையைச் சொன்னால் ஊர்க்கவுண்டர் என்ற பேர் போய்விடும். கால் வேறு எப்படி ஆகுமோ தெரியவில்லை. நடக்க முடியாமல் போய்விட்டால் சொல்லியும் பயனில்லை, சொல்லாமலும் பயனில்லை என்று தோன்றியது. மங்கம்மாள் தூங்கிய பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் டாக்டர் ஒரு தகட்டைக் கொண்டுவந்து காட்டினார். பளபளவென்று, விரல் அகலத்தில், வரிசையாக ஓட்டை போட்டிருந்தது.

"இத எலும்பு மேல வெச்சி, திருகாணி போட்டு முடுக்கிடுவேன்."

"மரத்துக்குப் போடற மாதிரியா சார்?"

"அதே மாதிரிதான்."

"துருப் புடிக்காதா?"

"துருப் புடிக்காத எஃகு. ஆனா எலும்ப ஒட்ட வெக்கறது இது இல்ல கவுண்டரே. இது அசையாமப் புடிச்சிக்கினு இருக்கும், அவ்ளோதான். எலும்பு தன்னால வளந்து தன்னால ஒட்டிக்கும்."

சடையன் தகட்டைக் கையில் வாங்கிப் பார்த்தான். இரும்பு எலும்பைப் பிடித்துக்கொண்டிருக்குமாம், எலும்பு இருட்டுக்குள் தானே வளருமாம். இதை இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாரே என்று அவருடைய விரல்களைப் பார்த்தான். மெல்லிய, சுத்தமான விரல்கள்.

மறுநாள் முதுகில் ஓர் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே உடம்பு கரைந்து போயிற்று. ஒருக்களித்துப் படுக்க வைத்து, முகத்துக்கு முன்னால் பச்சைத் துணியைத் திரை மாதிரி கட்டினார்கள். கூத்தில் வேஷக்காரன் வெளிவருவதற்கு முன் பிடிக்கிற திரை அவனுக்கு ஞாபகம் வந்தது. இந்தத் திரைக்கு அந்தப் பக்கம் வரப்போவது அவனுடைய எலும்பு.

வலி இல்லை. ஆனால் காது கேட்டது. உலோகம் உலோகத்தில் படுகிற சத்தம், டாக்டர் தணிந்த குரலில் ஏதோ கேட்கிறது, நர்ஸ் எடுத்துக் கொடுக்கிறது. பிறகு எலும்பைத் துளைக்கிற சத்தம் வந்தது. தச்சன் துளை போடுகிற அதே சத்தம். அந்த அதிர்வு இடுப்பெலும்பு வழியாக ஏறி அவன் தாடையில் வந்து நின்றது. அவன் ஒன்றும் செய்யாமல் படுத்திருக்க, அவனுக்குள்ளேயே ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பெற்ற தாய்கூடப் பார்க்காத இடத்தை இவர்கள் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சடையனுக்கு உடம்பு சிலிர்த்தது. கும்பிட வேண்டும்போல் இருந்தது. கையைக் கட்டிவைத்திருந்தார்கள்.

"ரெண்டு துண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு அழகா ஒக்காந்துடுச்சு" என்றார் டாக்டர் திரைக்கு அப்பாலிருந்து. "ஒடைஞ்ச எடம் மயிரிழை மாதிரிதான் தெரியுது."

கொஞ்ச நேரம் திருகாணி முடுக்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு அதே தணிந்த குரலில் டாக்டர் கேட்டார். "கவுண்டரே, ராணி வேசமா, தோழி வேசமா?"

சடையனுக்குப் புரிந்துவிட்டது.

படத்தில் பார்த்தபோது இவருக்கு முறுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது. இப்போது எலும்பைக் கையில் எடுத்துப் பார்த்ததும் எல்லாமே தெரிந்துவிட்டது. கொல்லை தெரிந்துவிட்டது, கூத்து தெரிந்துவிட்டது. எலும்புக்குள் ராணிவரைக்கும் எழுதியிருக்கிறது. இனி மறைக்க என்ன இருக்கிறது?

"ராணி வேசம் சார்" என்றான். "கரடியெல்லாம் இல்ல சார். கிரிக்கி அடிச்சேன். கால் எலி வளையில மாட்டிக்கிச்சு."

"அச்சா" என்றார் டாக்டர். "நல்லா ஆடுவீங்களா?"

யாரும் அவனிடம் அதுவரை கேட்காத கேள்வி அது. சடையன் பச்சைத் துணியைப் பார்த்துக்கொண்டே யோசித்தான்.

"சுமாரா ஆடுவேன் சார். சுத்தும்போது மட்டும் நல்லா வரும்."

"தையல் போட்டுடலாம்" என்று டாக்டர் நர்சிடம் சொன்னார். பிறகு அவனிடம், "நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். ஆனா வூட்டுல சொல்லிடுங்க. பொய்ய சொமந்துக்கினு இருந்தா ஊன்றுகோல் புடிக்கறது கஷ்டம்" என்றார்.

மருந்து மயக்கம் தெளிந்து கால் தன் இருப்பை வலியால் தெரிவிக்கத் தொடங்கிய சமயத்தில், சடையன் மங்கம்மாளை அருகில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னான். போளூர்க் கூத்திலிருந்து தொடங்கி, தாள் போருக்குள் திணித்த புடவைவரை ஒன்றையும் விடவில்லை.

"அப்டியா" என்று மட்டும் சொன்னாள் அவள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. தன்னால் இவள் எவ்வளவு அழுகிறாள் என்று சடையன் நினைத்துக்கொண்டான்.

முந்தானையை எடுத்தபோது அவள் கண்கள் ஈரமாகத்தான் இருந்தன. "ஊருக்கு யாரு சொல்றது?" என்று கேட்டாள்.

"நானே சொல்றேன்."

"அப்ப பங்குனிக்குக் கூத்து?"

"வெச்சிக்கலாம்" என்றான் சடையன்.

தை முடிகிற சமயத்தில், ஜப்பார் பாய் லாரியிலேயே திரும்பி வந்தான். ஊரைக் கூட்டி உண்மையைச் சொன்னான். கல்லெறிவார்கள் என்று எதிர்பார்த்தான். எல்லோரும் ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ராஜாக்கண்ணு, "உண்மைய சொன்னியே மாமா, அதுவே போதும்" என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். கூண்டு எங்கே என்று சடையன் தேடினான். "எடுத்துனு போய்ட்டாங்க" என்றாள் மங்கம்மாள்.

பங்குனியில் கூத்து நடந்தது. சடையன் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தான். ராணி சுழன்றபோது அவன் தொடையும் உள்ளே மெல்லத் துடித்தது. கரடிக் கதையை ஊர் விரைவில் விட்டுவிட்டது. அவனால்தான் டாக்டரை விட முடியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான்: "எலும்ப எடுத்து ஒரு பார்வ பாத்தாரு. இன்னா ஆட்டம், இன்னா வேசம், எல்லாத்தையும் புட்டுப் புட்டு வெச்சிட்டாரு. அவருகிட்ட மட்டும் யாரும் பொய் சொல்லாதீங்க." கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். சந்தைக்குப் போகிற பஸ்ஸில் அந்தச் செய்தி ஆலங்காயம்வரைக்கும் இறங்கிப் போயிற்று.

வைகாசியில் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் புதுப் படத்தை ஜன்னலில் பிடித்தார். தகடும் திருகாணிகளும் வெள்ளை வெளேரென்று நின்றன. சுற்றி ஏறிய அந்தக் கோட்டைக் காணோம். இருந்த இடத்தில் பால் ஏடு படிந்ததுபோல் புது எலும்பு மூடியிருந்தது. சடையன் அதை ரொம்ப நேரம் பார்த்தான். ராப்பகலாகத் தனக்குத் தெரியாமலே தனக்குள் இவ்வளவு வேலை நடந்திருக்கிறது.

"ஊன்றுகோல வுட்டுடலாம்" என்றார் டாக்டர். "அடுத்த வருசம் மெதுவா சுத்தியும் பாக்கலாம். எலி வள இல்லாத எடமா பாத்து."

சடையன் வார்டைத் தாண்டி வெளி வராந்தா வரைக்கும் ஊன்றுகோல் இல்லாமலே நடந்து வந்தான். மங்கம்மாள் டாக்டருக்குக் கொண்டுவந்த தேன் பாட்டிலைக் கொடுக்க உள்ளேயே நின்றுவிட்டாள். வராந்தாவில் ஆயா மணியம்மாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். சடையன் நின்று, தான் வந்த வழியைத் திரும்பிப் பார்த்துக் கைகூப்பினான்.

"ஆயா, உங்க டாக்டரு மனுசரே இல்ல. இருட்டுக்குள்ள கெடந்த எலும்பப் பாத்து, இது ராணி வேசம்னு சொன்னாரு. அத எப்டி சொல்ல முடியும்?"

மணியம்மாள் ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

"எலும்புல எங்கங்க அதெல்லாம் எழுதியிருக்கும்? மொத நாளு படம் புடிக்கறதுக்கு முன்னால ஒங்க காதுலருந்து ஜிமிக்கிய நான்தான கழட்டி ஒங்க வூட்டம்மா கையில குடுத்தேன், அப்பவே அந்தம்மா டாக்டருகிட்ட, 'கொல்லையில ராணி வேசம் பழகறாரு டாக்டரே, தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க, கூத்துக்கு ஒத்துக்கறவரைக்கும் கரடி இருக்கட்டும்'னு சொல்லிடுச்சு."